அரிசி வாளிக்குள் இருந்த சாவி

ஹனோவர்
17 மார்ச் 2025

அன்பின் அப்பா,

இது எப்போது உங்கள் கைக்கு வரும் என்று தெரியவில்லை. விளக்கமறியலில் இருப்பவருக்கு வரும் தமிழ்க் கடிதத்தை முதலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனில் எழுதிக் கொடுப்பாராம். நீதிபதி அதைப் படித்த பிறகுதான் உள்ளே தருவார்களாம். லோயர் சொன்னார். முன்பின் தெரியாத இரண்டு பேர் முன்னால் நின்று உங்களோடு பேசுவதுபோல் இருக்கிறது. எனக்கு ஒருவர் முன்னாலேயே பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும்.

கார்னிவல் திங்கள் மாலை அம்மா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிட்டினம்" என்றார். சீனி வருத்தம் கூடிவிட்டது என்று நினைத்து, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். "ஆஸ்பத்திரி இல்லை. பொலிஸ்." டுசல்டோர்ஃபில் நம் வீட்டுக்கு வந்த ரயிலில் எல்லோரும் கார்னிவல் வேடம் போட்டிருந்தார்கள். எதிரே இருந்த தேனீ எனக்கு இனிப்பு நீட்டியது. வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் காலை வீட்டைச் சோதித்தார்கள். ஒரு பெண் பொலிஸ் அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு சாவியை எடுத்தார். கணேசலிங்கம் அங்கிளின் நகைக்கடை நிலவறைச் சாவி. நீங்கள் துப்புரவு செய்யும் கடையின் சாவிக்கு நீங்களே பிரதி வெட்டி வைத்திருந்தீர்கள் என்று எழுதிக்கொண்டார்கள். அம்மா அந்தக் காலை முழுவதும் சொன்னது ஒன்றுதான்: "அரிசியைக் கொட்டாதேங்கோ."

கோயிலில் கணேசலிங்கம் அங்கிள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்: "இயக்கத்தில இருந்த மனிசன் எண்டு நம்பித் திறப்புக் கோர்வையையே குடுத்தனான். நல்லாத்தான் காவல் காத்தவர்." அதன் பிறகு அம்மா கோயிலுக்குப் போவதில்லை.

இரண்டு பேர் கடைக்குள் போனது வாசல் கமெராவில் இருக்கிறது. ஒருவர் கோமாளி; அது நீங்கள். மற்றவர் கரடி உடுப்பு. பொலிஸ் அவரைக் கரடி என்றே சொல்கிறது. நிலவறைக்குள் ஓர் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று பொலிசுக்குத் தொலைபேசியில் சொன்னதும் அந்தக் கரடிதானாம். கூட வந்தவரே உங்களைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். யார் அப்பா அது?

மருந்து ஒழுங்காகத் தருகிறார்களா?

மிதுஷா


2 ஏப்ரல் 2025

அன்பு மகளுக்கு,

முதலில் மொழிபெயர்ப்பவருக்கு வணக்கம். நான் இந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் "விசர் வேலை" என்று எழுதப்போகிறேன். அதற்கு நல்ல ஜெர்மன் சொல்லாகப் போடவும்.

பிள்ளை, ஊசி நேரத்துக்குப் போடுகிறார்கள். சாப்பாட்டில் உப்பு இல்லை. மற்றபடி குறை இல்லை. என்னோடு இருப்பவன் ஒரு போலந்துக்காரன். பகல் முழுவதும் தூங்குகிறான்.

எதற்காகச் செய்தேன் என்பதைப் பொலிசுக்குச் சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்ல வேண்டும். உன் மாமியின் மகன் அனுஜனை ஜெர்மனிக்கு எடுத்துத் தருவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன், ரஷ்யா வழி என்று கூட்டிக்கொண்டுபோய், ரஷ்ய ஆமிச் சீருடை போட்டு, உக்ரைன் சண்டையில் ஒரு பதுங்குகுழியில் விட்டுவிட்டான். அனுஜன் அங்கிருந்து எனக்கு எடுப்பான். "மாமா, தலைக்கு மேல ஒண்டு சுத்துது, சத்தம் தும்பி மாதிரிக் கிடக்கு, ஓடவோ படுக்கவோ?" என்று கேட்பான். அவனைப் படுக்கச் சொல்வேன். குண்டு போடும் அந்த ட்ரோன் சாமான் எங்கள் காலத்தில் இல்லை. சரியாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது. ஆளை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவன் கேட்ட காசு நான் ஆயுள் முழுக்கத் தரை துடைத்தாலும் வராது.

நடந்தது விசர் வேலை. கார்னிவல் ஊர்வலம் போகும்போது தெருவில் மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. புதன் வரை கடை பூட்டு. எல்லாம் சரியாகத்தான் யோசித்தோம். ஆனால் அந்த இரும்புக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளே சாவித்துளை இல்லை. நான் உள்ளே நகையைப் பையில் போட்டுக்கொண்டிருக்கக் கதவு சாத்திவிட்டது. சாவி என் காற்சட்டைப் பையில். கடை வாசல் சாவியும் அதே வளையத்தில். எத்தனையோ காவலரணுக்குள் போய் வந்தவன், நகைக்கடைக்குள் எலிபோல மாட்டினேன்.

நிலவறைக்குள் தொலைபேசி எடுபடாது. கதவுக்குக் கீழே சாவிகூட நுழையாத ஒரு கீற்றுத்தான், சத்தம் மட்டும் போகும். அதன் வழியே கூட வந்தவனைக் கூப்பிட்டு, வீட்டில் அரிசி வாளிக்குள் இன்னொன்று இருக்கிறது, எடுத்து வா என்று சொல்லி அனுப்பினேன். வரவில்லை. பொலிஸ் வந்தது.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியாது. வர முடியாமல் போயிருக்கும். பெயரை மட்டும் கேட்காதே. பிடிபட்டவன் மற்றவனின் பெயரைச் சொல்லக்கூடாது. நாங்கள் பழகியது அப்படி.

அம்மாவின் குளிசை முடிவதற்கு முதல் டொக்டரிடம் மருந்துத் துண்டு எடுத்துக் கொடு.

அப்பா


ஹனோவர்
22 ஏப்ரல் 2025

அன்பின் அப்பா,

உங்கள் கடிதம் கிடைத்த அடுத்த நாளே வீட்டுக்குப் போனேன். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து நானும் வெட்டினேன். பிறகு கேட்டேன், அந்தத் திங்கட்கிழமை பகல் யாராவது வீட்டுக்கு வந்தார்களா என்று.

"ஒருத்தரும் வரேல்லை" என்றார். நிமிர்ந்து பார்க்காமலே.

"நல்லா யோசியுங்கோ அம்மா. சாவி கேட்டு?"

"வரேல்லை எண்டு சொல்லுறன். பிறகு என்ன?"

பொலிசுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறார். ஆகவே அந்த மனிதர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. உங்களை உள்ளே விட்டுவிட்டுப் போய்ப் பொலிசைக் கூப்பிட்டிருக்கிறார். வர முடியாமல் போயிருக்கும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தொலைபேசி எடுக்க முடிந்தவருக்கு ஐந்து ட்ராம் நிறுத்தம் தாண்டி வர முடியாதா?

வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. தீர்ப்பு எவ்வளவு என்பதைப் பார்த்து, உங்களை நாடு கடத்துவதா என்று முடிவு செய்வார்களாம். லோயர் ஹேகர் எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்: இரண்டாவது ஆளின் பெயரைச் சொன்னால் தண்டனை குறையும், குறைந்தால் இங்கே இருக்க வழியுண்டு. சொல்லாவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய ஏலாது. நான் தலையாட்டினேன். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் படியிறங்கும்போதுதான் வந்தன.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நீங்கள் இறங்கினால், உங்கள் பழைய இயக்கப் பெயரை வைத்துக்கொண்டு யார் காத்திருப்பார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. அம்மாவுக்கும் அது தெரியும். அதனால்தான் அவர் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை.

ஒரு பெயர்தானே அப்பா.

மிதுஷா


6 மே 2025

மகள்,

இல்லை.

உன் பட்டமளிப்பு இந்த மாதம் என்று அம்மா பார்க்க வந்தபோது சொன்னாள். எங்கள் இரண்டு வீட்டிலும் பட்டம் எடுத்த முதல் ஆள் நீ. நான் வரவில்லை என்று போகாமல் இருக்காதே. நல்ல சீலை கட்டிப் போ. படம் எடுத்தால் ஒன்று அனுப்பு. படத்தை மொழிபெயர்க்கத் தேவையில்லை, கெதியாக வரும்.

அவனைப்பற்றி உன்னிடம் ஒன்றும் சொல்ல ஏலாது. சொல்கிற ஒவ்வொன்றும் அவன் வீட்டுக்கு வழி காட்டும். எனக்கும் கோபம் இல்லை என்று நினைக்காதே. இங்கே யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒருநாள் அவனைத் திட்டுகிறேன். அடுத்த நாள், அவன் கூப்பிடாவிட்டால் புதன் வரை ஊசியும் தண்ணீரும் இல்லாமல் கிடந்திருப்பேன் என்றும் நினைக்கிறேன்.

அப்பா


டுசல்டோர்ஃப்
19 மே 2025

அப்பா,

அனுஜன் இல்லை.

மாமிக்கு வெள்ளிக்கிழமை யாரோ ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். மாமி அதை எனக்கு அனுப்பி, "இது இவன்தானே, நீ படிச்சனி, பாத்துச் சொல்லு" என்று கேட்டார். நான் என்ன படித்தேன் அப்பா? பார்த்தேன். வலது புருவத்தில் அந்தத் தழும்பு இருந்தது. ஓம் மாமி என்று சொன்னேன். மாமி தொலைபேசியை வைக்கவில்லை. பின்னால் கோழி கத்துவது கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கும் வைக்கத் தெரியவில்லை.

பட்டமளிப்புக்கு நான் போகவில்லை. திட்டாதீர்கள்.

ஒன்று எழுதுகிறேன். எழுதியே ஆகவேண்டும். அன்று அந்த மனிதர் சாவியைக் கொண்டுவந்து கதவைத் திறந்திருந்தால் நீங்கள் வீட்டில் இருந்திருப்பீர்கள். காசு மார்ச் மாதமே போயிருக்கும். அனுஜனுக்கு அதன் பிறகு இரண்டரை மாதம் இருந்தது. களவு செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்யத் துணிந்த பிறகு, இடையில் அவர் மட்டும் பயந்து ஓடியிருக்கிறார். அவருக்காக நீங்கள் எத்தனை வருடம் இருப்பீர்கள்? அவருக்காக அம்மா எத்தனை வருடம் தனியாக இருப்பார்? அவர் இன்று எங்கோ கோப்பி குடித்துக்கொண்டிருப்பார். மாமியிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "பெயர் சொல்லக்கூடாது, நாங்கள் பழகியது அப்படி" என்றா?

கோபத்தில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் இதைக் குறைக்காமல் எழுதட்டும்.

மிதுஷா


30 மே 2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் இந்த முறை கெதியாக வந்தது. படித்துவிட்டுப் போலந்துக்காரனை எழுப்பி, என் மருமகன் செத்துவிட்டான் என்று சொன்னேன். யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்து சிலுவை போட்டான்.

நான் அவனைப் படுக்கச் சொன்னேன், பிள்ளை. ஓடச் சொல்லியிருக்க வேண்டுமோ?

நீ எழுதியதில் பிழை பிடிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அம்மா பொய் சொல்ல மாட்டாள். அவன் வரவில்லை என்றால் வரவில்லை. பழையபடி யோசித்துப் பார்த்தேன். அவன் யார், எங்கே இருந்து வந்தவன் என்பதை மறந்து நம்பியது என் பிழை.

லோயருக்குச் சொல்லிவிட்டேன். பிங்ஸ்டன் பண்டிகை விடுமுறை கழிய, பத்தாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை வாக்குமூலம் எடுக்க டெர்மின் வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொல்கிறேன்.

அப்பா


டுசல்டோர்ஃப்
6 ஜூன் 2025

அன்பின் அப்பா,

உங்கள் கடிதம் இன்று காலைதான் வந்தது. தயவுசெய்து செவ்வாய்க்கிழமை பேச வேண்டாம். உடம்பு சரியில்லை என்று சொல்லுங்கள். வேறொரு நாள் கேளுங்கள்.

ஏன் என்று எல்லாவற்றையும் எழுத முடியாது. இவ்வளவுதான்: அம்மாவையும் என்னையும் நேற்று ஓரிடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா ஒன்று சொன்னார். அந்தத் திங்கட்கிழமை வாசலில் ஒருவர் நின்றிருக்கிறார். அம்மா திறக்கவில்லை. யாரும் வரவில்லை என்று நம் எல்லோரிடமும் சொன்னது பொய்யில்லை அப்பா. அவருக்கே அது உண்மையில் நடந்தது என்று நேற்று வரை தெரியாது. என்ன மாதிரிக் குரலுக்கு அம்மா அப்படி ஆவார் என்று உங்களுக்குத் தெரியும்.

லோயர் ஹேகரின் அலுவலகத்துக்கு எடுத்தேன். செவ்வாய் வரை இல்லையாம்.

இதை மொழிபெயர்ப்பவரே, தயவுசெய்து இதை முதலில் எடுங்கள்.

மிதுஷா


10 ஜூன் 2025

அன்பு மகளுக்கு,

இன்று காலை சொல்லிவிட்டேன். பெயர், வேலை செய்யும் இடம், இருக்கும் தெரு, எல்லாம். எழுதி எடுத்துக்கொண்டு, தாளைத் திருப்பி என்னிடம் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை, நீயும் தெரிந்துகொள். அவன் பெயர் நிஹால். சிங்களவன். ஆமியில் இருந்தவன். அதிர்ச்சியாக இருக்கும். கோயிலில் கேள்விப்பட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

அனுஜனின் பதுங்குகுழியில் ஒரு சிங்களப் பெடியன் இருந்தான், சமீர. ஏஜென்சிக்காரன் அவனையும் அப்படித்தான் ஏமாற்றியது. இரண்டு பேருக்கும் ஒரே தொலைபேசி. ஒருநாள் அனுஜன் சொன்னான்: "மாமா, இவன்ர அப்பாவும் ஜெர்மனியிலதானாம். டோர்ட்மண்ட். ஒருக்கா கதையுங்கோவன்."

டோர்ட்மண்ட் ஸ்டேஷன் பேக்கரியில் சந்திப்பது என்று பேசினோம். போய்ப் பார்த்தேன். ஒருவன் சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி இருந்தான். நான் போய் இருக்க நினைத்த கதிரை அது. கேட்காமலே ஆளைத் தெரிந்துவிட்டது.

"இரு," என்றான். "கோப்பி குடி. பயம் இல்லை."

"எனக்குப் பயம் இல்லை எண்டு சொல்ல நீ ஆரடா?"

அவன் தமிழ் படித்தது யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடியில். நில், திற, காட்டு, இறங்கு. அப்படியான கட்டளைகள்தான் அவனுக்குத் தெரிந்த தமிழ். மரியாதையாக ஒரு சொல் தெரியாது. என்னைக் கைது செய்வதுபோலவே கேக்கும் வாங்கித் தந்தான். மிச்சத்தை இருவருக்கும் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் பேசினோம். எங்கே இருந்தாய் என்று கேட்டேன். முகமாலை என்றான். நானும் அங்கேதான். ஒரே மண்ணணையின் இரண்டு பக்கம்.

"நீ ஓடு," என்றான். "நான் பார்த்தது."

"ஓடேல்லை. பின்வாங்கினது."

"அது என்ன?"

"ஓடுறதுதான். ஓடர் வந்த பிறகு ஓடுறது."

அவன் சிரித்த சிரிப்பில் பேக்கரிப் பெண் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் தன் மகனின் படத்தைக் காட்டினான். அதன் பிறகு இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

நகைக்கடை யோசனை என்னுடையது. கரடி உடுப்பு அவனுடையது. இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து எடுக்க வேண்டும், ஒருவனை மட்டும் எடுப்பதில்லை என்று பேச்சு. கதவு சாத்திக்கொண்டபோது, கீழே வாயை வைத்து, அண்ணன் என்பதைச் சிங்களத்தில் சொல்லி, "ரகு அய்யே, நான் வாறது" என்று சொல்லிவிட்டுப் போனான். அதைத்தான் இத்தனை மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று அவன் பெயரைச் சொல்லிவிட்டு வந்து மத்தியானச் சாப்பாடு முழுவதையும் சாப்பிட்டேன். அது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

அப்பா


டுசல்டோர்ஃப்
28 ஜூன் 2025

அன்பின் அப்பா,

என் ஆறாம் தேதிக் கடிதம் இருபதாம் தேதிதான் உங்களிடம் வந்ததாக லோயர் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவருடைய அலுவலகத்துக்கு மறுபடி எடுத்தேன். சிறைக்குப் புறப்பட்டுவிட்டார், உள்ளே தொலைபேசி கொண்டுபோக முடியாது என்றார்கள். என்ன விஷயம் என்று கேட்டார்கள். அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பரவாயில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். பரவாயில்லை என்று சொன்னேன் அப்பா.

இனி எல்லாம் எழுதலாம். அவரைப் பிடித்துவிட்டார்கள்.

ஐந்தாம் தேதி எங்களைக் கூப்பிட்டது, பொலிசுக்கு வந்த அந்த அழைப்பைக் கேட்டுக் குரல் தெரியுமா என்று சொல்வதற்காக. ஒரு சின்ன அறை. கணினியில் போட்டார்கள். "கடை. கீழே. மனுசன் உள்ளே. சீனி வருத்தம். ஊசி இல்லை. சீக்கிரம், சீக்கிரம் திற" என்று ஜெர்மனில் ஒரு குரல். "திற" என்பதை மட்டும் தமிழில் சொன்னார், பதற்றத்தில். கடையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குக் குரல் தெரியவில்லை. அம்மாவைப் பார்த்தேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று தலையாட்டினார்.

வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் சொன்னார்.

"அது நிசமா வந்தது."

"எது அம்மா?"

"அண்டைக்குப் பகல். ரகுநாதன் வீடா எண்டு கேட்டது. கதவைத் திற, கெதியா திற, சாவி குடு எண்டு கத்தினது. ஆமிக்காரன்ர தமிழ். நான் குளியலறைக்குள்ள போய்ப் பூட்டிப்போட்டு இருந்தனான்."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"எனக்கு எத்தினை தரம் அந்தச் சத்தம் கேட்டிருக்கு. டொக்டர் அதுக்குத்தானே குளிசை தாறார். இதையும் சொன்னா, குளிசையைக் கூட்டுவினம். நானும் அதெண்டுதான் நினைச்சன்."

"ஓட்டையால எட்டிப் பாத்திருக்கலாமே அம்மா."

"அந்தக் குரலுக்கு ஆரும் எட்டிப் பாப்பினமே?"

நிஹால் சொன்ன வாக்குமூலத்தையும் லோயர் எனக்கு வாசித்துக் காட்டினார். அதுவும் அப்படியே இருக்கிறது. கரடித் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஓடி வந்திருக்கிறார். தனக்குத் தெரிந்த தமிழில் கூப்பிட்டிருக்கிறார். உள்ளே ஒரு பெண் அழுவது கேட்டதாம். "அந்த அழுகை எனக்குத் தெரியும். வேலை செய்த காலத்தில் கேட்டிருக்கிறேன். அதனால் கதவை உடைக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறார். திரும்பக் கடைக்குப் போனால், ஆப்பு வைத்துத் திறந்து விட்டிருந்த வாசற்கதவை யாரோ சாத்திவிட்டார்கள். உங்களோடு பேசவும் வழியில்லை. புதன் வரை நீங்கள் உயிரோடு இருக்க மாட்டீர்கள் என்று பயந்துதான், தெருவில் ஒருவரிடம் தொலைபேசி வாங்கிப் பொலிசுக்கு எடுத்திருக்கிறார். பிறகு ஓடவில்லை. அடுத்த நாளும் வேலைக்குப் போயிருக்கிறார். வந்து பிடிக்கும் வரை அதே தெருவில் இருந்திருக்கிறார்.

உங்களைப்பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. பெயர் சொன்னது நீங்கள்தான் என்று தெரிந்துமா என்று லோயரைக் கேட்டேன். தெரியும் என்றார்.

உங்களுடைய பொருட்களுக்குக் கையெழுத்துப் போட நேற்றுப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். மேசையில் இரண்டு தொலைபேசிகள் பிளாஸ்டிக் உறைகளில் இருந்தன. ஒன்று உங்களுடையது, மற்றது அவருடையது. நான் நிற்கும்போதே அவருடையது அதிரத் தொடங்கியது. திரையில் ஒரு பையனின் படம் வந்தது. அலுவலர் பார்த்தார். நானும் பார்த்தேன். அது ஆதாரப் பொருள், எடுக்க அனுமதியில்லை என்றார். அது மேசையில் நகர்ந்து நகர்ந்து விளிம்பு வரை வந்தது. அவர் விரலால் உள்ளே தள்ளிவிட்டார். பிறகு நின்றுவிட்டது.

உங்களை அந்தப் பெயரைச் சொல்ல வைத்தது நான். அதை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார், அந்த மனிதன் என்னத்துக்கு வந்தவன், ஏன் சாவி கேட்டவன் என்று. நான் இன்னும் சொல்லவில்லை. என்ன சொல்ல?

மிதுஷா


13 ஜூலை 2025

அன்பு மகளுக்கு,

சொன்னதைத் திருப்பி எடுக்க ஏலுமா என்று லோயரைக் கேட்டேன். ஏலாது என்றார். வழக்கில் எனக்கு இனி நல்லது என்றும் சொன்னார். எனக்குக் கை கொடுத்தார். கொடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்தேன்.

நிஹாலை வேறு சிறையில் வைத்திருக்கிறார்கள். எழுதவும் அனுமதியில்லை. வழக்கு நாளில்தான் காண்பேன். அவன் முகத்தைப் பார்க்கத்தான் வேண்டும்.

நீ சொல்ல வைத்தாய் என்று இன்னொரு முறை எழுதாதே. கையெழுத்துப் போட்டது நான். முப்பது வருடம் நான் பார்த்த சீருடையைத்தான் கடைசியிலும் பார்த்தேன். அந்த ஆளை அல்ல.

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். அனுஜன் எடுத்த இலக்கம் மாமியிடம் இருக்கிறது. அதே தொலைபேசிதான் சமீரவிடம் இருக்கும். நீ எடு. அவனுக்கு அனுஜன் கொஞ்சம் தமிழ் சொல்லிக் கொடுத்திருந்தான், விளங்கும். அவன் அப்பா உயிரோடு இருக்கிறார், ஆனால் தொலைபேசி எடுக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லாதே, அவனுக்கு விளங்காது. சிறையில் இருக்கிறார் என்றே சொல். யாரால் என்று கேட்டால் என் பெயரைச் சொல்.

இனி அம்மா.

2007இல் நீங்கள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருந்தீர்கள். நான் இயக்கத்தோடு வன்னியில். உனக்கு ஐந்து வயது, நினைவிருக்காது. ஒரு மத்தியானம் ஆமிக்காரர் வந்து, ரகுநாதன் வீடா, கதவைத் திற என்று கத்தியிருக்கிறார்கள். அம்மா உன்னை அறைக்குள் இழுத்து, வாயைப் பொத்தி, அரிசி மூட்டைக்குப் பின்னால் படுத்துக்கிடந்தாள். நீ அவள் உள்ளங்கையைக் கடித்துவிட்டாய். அந்த அடையாளத்தைச் சூடு சுட்டது என்று உனக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் திறந்தார்கள். அந்த வீட்டுத் தகப்பனையும் மகனையும் பிறகு ஒருவரும் காணவில்லை.

இதை எனக்குச் சொன்ன நாளில் அவள் கேட்டாள், "நான் திறந்திருந்தா அந்தச் சனம் தப்பியிருக்குமோ?" என்று. எத்தனையோ வருடமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னொரு கதவை அவளுக்குக் கொடுக்காதே.

ஆகவே இப்படிச் சொல்: அப்பா ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த மனிதன் தன் பாட்டில், மிச்ச நகை கிடைக்கும் என்று வந்திருக்கிறான். திறக்காதது நல்லது, திறந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ என்று சொல்.

நிஹாலுக்கு இது இரண்டாம் தரம் நான் செய்யும் துரோகம். தெரிந்துதான் எழுதுகிறேன். நீ அவள் முகத்தைப் பார்த்து, தடுமாறாமல், நல்ல சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அப்பா